நாப் இல்லாத அடுப்பு

எங்கள் தெருவில் ஹில்கேயைத் தெரியாதவர்கள் கிடையாது. கடலோர ஊரான ஹார்லிங்கனில் முப்பத்தாறு வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவர். எந்த வீட்டுக் கதவின் தபால் துவாரம் விரலைக் கடிக்கும், எந்த வீட்டு நாய் காலைக் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய அப்பாவுக்கு இறால் படகு இருந்தது. மகனுக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். அதனால் தபால் ஆபீசில் சேர்ந்துவிட்டார். நான் யெல்ச்சே, அவர் மனைவி. அவரைப் பற்றி நாலு பக்கம் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத என்னைப் பற்றியதாக மாறிவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல என்று சொல்ல ஆசைதான். ஆனால் பொறுப்பு என்னுடையதே.

கல்யாணமான புதிதில் நான் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தேன். வீடு திரும்ப ஐந்தே முக்கால் ஆகும். அவர் விடிவதற்கு முன்பே போய் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்துவிடுவார். எங்கள் ஊரில் ஆறு மணிக்கு மேஜையில் தட்டு இருந்தாக வேண்டும். ஆறே காலுக்குச் சாப்பிடுகிற வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ தகராறு என்று அக்கம்பக்கம் முடிவு கட்டிவிடும். முதல் வாரம் ரொட்டியும் சீஸும் தின்றோம். இரண்டாவது வாரம் ஒரு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து அவர் பட்டாணி சூப் வைத்தார். அன்றைக்கு அடுப்படிக்குள் போனவர் போனவர்தான்.

அவர் வைக்கும் மாட்டிறைச்சிக்குத் தெருவே மயங்கும். வெண்ணெயில் இறைச்சியைச் சிவக்கப் புரட்டி, வெங்காயம், பிரிஞ்சி இலை, கொஞ்சம் வினிகர் சேர்த்து, மூடி போட்டு, சின்ன பர்னரில் சிம்மில் மூன்று மணி நேரம் விட்டுவிடுவார். கரண்டியால் தொட்டால் நூல் நூலாகப் பிரியும். கிண்ணத்தில் வாங்கிப் போனவர்கள் எல்லாம் அவரைப் பாராட்டுவார்கள். நான் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பேன். எதிர்வீட்டுத் திலா மட்டும் என்னைப் பார்த்து, "உன் வீட்டு சமையல்காரர் இன்னிக்கு என்ன பண்றார்?" என்று கேட்பாள். அவள் கேலியாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சுருக்கு அதிகமானது. நாள் முழுக்க வீட்டில் இருக்கிறேன், ஆனால் அடுப்படியில் எனக்கு இடம் இல்லை. உருளைக்கிழங்கு தோல் சீவ உட்கார்ந்தால், தோலோடு பாதிக் கிழங்கையும் சீவுகிறேன் என்று கத்தியை வாங்கிவிடுவார். அடுப்புப் பக்கம் கையை நீட்டி எதையாவது எடுக்கப் போனால் இடுப்பால் இடித்து நகர்த்துவார். அன்போடுதான். நாற்பது வருஷம் அன்போடு இடித்தால் யாருக்கும் ஒருநாள் வலிக்கும். வலிக்கிறது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் ஊர் ஆட்கள் எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள் என்று பெயர். என் தங்கை சுட்ட கேக்கைத் தின்றுவிட்டு, மெத்தைக்குள் வைத்துத் தைக்கலாம் என்று அவளிடமே சொன்னவர் ஹில்கே. நானும் அப்படிப்பட்டவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவருக்குக் கண் போக ஆரம்பித்தது. விழித்திரையின் நடுவில் கோளாறு. எதை நேராகப் பார்க்கிறாரோ அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. ஓரத்தில் மட்டும் ஏதோ தெரியும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைப் பார்ப்பார். டாக்டர் இது இன்னும் பெரிதாகும், குறையாது என்று சொல்லிவிட்டார். கார் ஓட்டுவதை அன்றைக்கே விட்டார். செய்தித்தாளை விட்டார். சமையலை மட்டும் விடவில்லை. கேஸ் அடுப்பின் நாப்பைத் திருகிவிட்டுக் காதைச் சாய்த்து, தீயின் சத்தத்தை வைத்தே எவ்வளவு எரிகிறது என்று கண்டுபிடிப்பார். வெங்காயம் சிவந்துவிட்டதா என்று வாசனையில் தெரிந்துகொள்வார். கண் போன பிறகும் ருசி ஒரு மாற்றுக் குறையவில்லை.

மார்ச் மாதம் ஒருநாள் அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியில் தீப் பிடித்தது. நான் ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு அணைத்தேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பத்து நாள் கழித்து நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் தெருவின் கேஸ் குழாய்கள் பழசாகிவிட்டன, அக்டோபரில் எடுத்துவிடப் போகிறோம், எல்லாரும் மின்சார அடுப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

கேட்டு முடித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போனார். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைத் தடவி எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தார். இண்டக்‌ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் சரிப்படும் என்று ரேடியோவில் கேட்டிருந்தார். அலுமினியப் பாத்திரங்கள் எல்லாம் தோற்றுப் போயின. இறைச்சி வைக்கும் கனமான இரும்புச் சட்டி பாஸாகிவிட்டது. அதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அடுப்பு எதுவா வேணா இருக்கட்டும் யெல்ச்சே. நாப் மட்டும் இருக்கணும். கண்ணால இனிமே ஆகாது, கையாலதான் சமைக்கணும். கைக்கு ஏதாச்சும் கிடைக்கணும் இல்லையா?"

சரி என்று சொன்னேன். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் கேட்க முடியாது. எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

பக்கத்து நகரமான லேவார்டனில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கார் நான் ஓட்டினேன். உள்ளே வரிசை வரிசையாக அடுப்புகள். முன் வரிசையில் எல்லாம் கண்ணாடி. கறுப்பாக, வழவழவென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல், விரலால் தொட்டால் எரிகிற டச் பட்டன்கள் வைத்தவை. பத்திரிகைகளில் இந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். ஹில்கே பாத்திரங்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சுவரைப் பிடித்தபடி கடையின் பின்பக்கம் போனார். விற்பனையாளர் என்னிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல மனிதர்.

நாப் வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அதுவரை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன். இருக்கிறது, கடைசி வரிசையில் என்று கையை நீட்டிக் காட்டினார். விலையும் ஏறக்குறைய இதே விலைதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத பெரும்பாலும் ரொம்ப வயசானவங்க, கண்ணு தெரியாதவங்கதான் மேடம் வாங்குவாங்க" என்றார். இப்போது ஹில்கே வந்து நின்றால் இந்த ஆள் அவரை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்தேன். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. இது ஒரு காரணம். துண்டில் பிடித்த தீ இன்னொரு காரணம். ரொம்ப நாள் இந்த இரண்டை மட்டுமே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

விற்பனையாளர் அடுத்த கேள்வி கேட்டார். "வீட்டுல யாரு மேடம் சமைக்கறது?"

"நான்தான்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னதும் வாய் இனித்தது. அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. நாற்பது வருஷத்தில் ஒருமுறைகூட அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய்த்ததில்லை. அப்படியானால் கண்ணாடிதான் உங்களுக்குச் சரி, ஒரே துடைப்பில் சுத்தமாகிவிடும் என்றார் அவர். நான் தலையாட்டினேன். ரசீது எழுதி முடிக்கும் நேரத்தில் ஹில்கே திரும்பி வந்தார். நாப் வைத்த அடுப்பு இப்போதெல்லாம் வருவதே இல்லையாம் என்று அவரிடம் சொன்னேன். விற்பனையாளர் அந்தச் சமயம் உள்ளே போயிருந்தார். அதையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"அப்படியா" என்றார் ஹில்கே. 

அக்டோபரில் கேஸ் போனது, கண்ணாடி வந்தது. பத்து நாள் அவர் அதோடு மல்லுக்கட்டினார். எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி பீப் சத்தம். கூட்டுகிறோமா குறைக்கிறோமா, எந்தப் பக்கத்து வட்டம் சூடாகிறது என்று விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டைக் கை பட்டால் அணைந்துவிடும். சூப் பொங்கி வழிந்தால் கத்திவிட்டுத் தானே நின்றுவிடும். தீயின் சத்தம் இல்லாததால் அடுப்பு எரிகிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் கீழே என்று சொல்வேன். தன் அடுப்படியில் அவர் என் சொல்படி விரலை நகர்த்திக்கொண்டிருந்தார்.

பத்தாவது நாள் வட்டம் எங்கே என்று தேடிக் கையை வைத்தவர், அப்போதுதான் சட்டியை இறக்கின இடத்தில் வைத்துவிட்டார். உள்ளங்கையில் பெரிய கொப்புளம். குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டு அவர் நின்றபோது, அடுப்பு வாங்கப் போன நாள் எனக்கு ஞாபகம் வந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அப்போதே சொல்லியிருக்கலாம். களிம்பு எங்கே என்று தேடப் போய்விட்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஐந்து மணி ஆகியும் அவர் முன்னறையில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்த்ததும், "இன்னிக்கு நீ பண்றியா?" என்று கேட்டார்.

பண்ணினேன். முதல் மூன்று நாள் எனக்குக் குஷியாகக்கூட இருந்தது. என் அடுப்படி, என் இஷ்டம், என் தடித்த உருளைக்கிழங்குத் தோல். நாலாவது நாள் கீரையும் கிழங்கும் மசித்து வைத்தேன். உப்புப் போட மறந்து, ஞாபகம் வந்து இரண்டு தடவை போட்டுவிட்டேன். எனக்கே தொண்டையில் இறங்கவில்லை. அவர் தட்டைக் காலி செய்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார்.

கேக்கை மெத்தை என்று சொன்ன மனிதர். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது. அதன் பிறகு தினமும் கேட்டேன். கருகிய கட்லெட் நல்லா இருக்கு, வேகாத பீன்ஸ் நல்லா இருக்கு.  ஒருநாளாவது திட்ட மாட்டாரா என்று ஏங்கினேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சாப்பிட்டார், மறுபடி நாற்காலிக்குப் போனார். இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை அவருடைய நேரம் என்று ஒன்று இருந்தது. அந்த நான்கு மணி நேரத்தை இப்போது என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. குளிர்காலம் முழுக்க அவர் கைகள் மடியில் சும்மா கிடந்தன. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் நான் அடுப்படியிலேயே இருந்தேன். ஆசைப்பட்ட இடத்தில் போய் ஒளிந்துகொள்ளும்படி ஆகிவிட்டது என் நிலைமை.

ஏப்ரலில் மாரித் வந்தாள். பார்வை குறைந்தவர்களின் வீடுகளுக்குப் போய், எதை எப்படி மாற்றி வைத்தால் வசதி என்று சொல்லிக்கொடுக்கிற பெண். காப்பியும் ஆளுக்கொரு பிஸ்கட்டும் வைத்தேன். மாடிப்படி, குளியலறை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் அடுப்படிக்கு வந்தாள். கண்ணாடி அடுப்பைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"ஹில்கே, நீங்க சமைப்பீங்கன்னு கேள்விப்பட்டேனே. இதுல எப்படிச் சமைப்பீங்க? நாப் வச்சது எல்லாக் கடையிலயும் இருக்கே, வருஷக்கணக்கா விக்கறாங்க. இத யாரு எடுத்துக் கொடுத்தது?"

 வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் ஹில்கே பேசிவிட்டார்.

"நான்தான் எடுத்தேன்மா. பாக்க அழகா இருந்தது."

மாரித் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாப் வைத்தது வருவதே இல்லை என்று நான் சொன்னது பொய் என்று இப்போது அவருக்குத் தெரிந்திருக்கும். ஒப்புக்கொள்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. என் புத்தி அப்போதும் வேறு வழியில்தான் போனது. சாப்பாடு முடிந்ததும், சர்வ சாதாரணமாகப் பேசுவது போல, நாப் வைத்த அடுப்பை நாளைக்கே போய் வாங்கிவிடலாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நாம போனப்ப அது இல்ல ஹில்கே. இப்பதான் புதுசா வந்திருக்கும்போல. அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்."

அவர் துணியால் வாயைத் துடைத்து மடித்து வைத்தார். என் காதைப் பார்த்தார். அப்படியென்றால் என் முகத்தைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

"புதுசா? அப்ப நான் கைய வச்சுத் திருகிப் பாத்துட்டு இருந்தது என்ன அடுப்பு?"

 அவர் கோபமே இல்லாமல் சொன்னார். கடையின் கடைசி வரிசையில், பாத்திரங்களுக்குப் பக்கத்தில் அது இருந்ததாம். நான்கு நாப்களையும் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தாராம். ஒவ்வொரு எண்ணுக்கும் விரலில் ஒரு டிக் வந்ததாம், ஆறில் வைத்தால் ஆறில் நின்றதாம். நல்ல சாமான் என்றார். என்னைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாயெடுத்தபோதுதான் விற்பனையாளர் என்னிடம் யார் சமைப்பது என்று கேட்டது அவருக்குக் கேட்டதாம். என் பதிலும் கேட்டதாம்.

"கேட்டுட்டு ஏன் சும்மா இருந்த?" என்றேன். குற்றவாளி நான், அதட்டலும் என்னுடையதுதான்.

"நீயே சொல்லிடுவன்னு நினைச்சேன். கார்ல பாதி வழி வந்து ஃப்ராநேக்கர் ஊர் தாண்டற வரைக்கும் காத்துட்டு இருந்தேன். நீ சுவர் டைல்ஸ் என்ன கலர்ல போடலாம்னு பேசிட்டு வந்த. குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். சரி, இவளுக்கு அடுப்படி வேணும்போலன்னு விட்டுட்டேன்."

"கேட்டிருக்கலாம் இல்ல நீ?"

"நீ கேட்டிருக்கலாம் யெல்ச்சே. அடுப்படி வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேன். பக்கத்துல உக்காந்து சொல்லியும் கொடுத்திருப்பேன்."

மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அவர் என் பிடரியில் கை வைத்தார். கொப்புளம் வந்து ஆறிய கை. அது தழும்பாகிச் சொரசொரவென்று இருந்தது என் கழுத்துக்குத் தெரிந்தது. அழுகை நின்றதும், கடையில் சொன்ன இரண்டும் இன்றைக்குச் சொன்னதும் ஆக மூன்று பொய்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். திலாவின் கேலி, இடுப்பால் இடித்தது, பத்திரிகைப் படங்கள் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டில் தீப் பிடித்தது வெறும் சாக்கு என்றும் சொன்னேன். இடித்ததை மட்டும் அவர் இரண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்படி வலிக்கும் என்று தெரியாது என்றார்.

நாப் வைத்த அடுப்பு மே மாதம் வந்தது. ஞாயிறும் வியாழனும் அவர் சமைக்கிறார், மற்ற நாள் நான். இந்தப் பங்கீடு அவர் செய்ததுதான். அந்தக் குளிர்காலத்துக்குள் சாம்பல் பொட்டு இன்னும் பெரிதாகிவிட்டது. இறைச்சி சிவந்துவிட்டதா என்று இப்போது வாசனையோடு என்னையும் கேட்டுக்கொள்கிறார். பக்கத்தில் நின்று நிறத்தைச் சொல்கிறேன். சில சமயம் தப்பாகச் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறார். திட்டு வாங்கும்போது மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. கண் கொஞ்சமாவது தெரிந்த மிச்ச நாட்களில் ஏழு மாதத்தை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடையிலும் வழியில்லை.

தெருவில் எனக்கு நல்ல பெயர். ஏழு மாதமே ஆன அடுப்பைப் புருஷனுக்காகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினாளே என்று திலா எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். கல்யாணம் பண்ணினால் யெல்ச்சே மாதிரி ஒருத்தியைப் பண்ண வேண்டும் என்றும் சொன்னாளாம். ஹில்கே அதைக் கேட்டுவிட்டு உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே இருந்தார்.

என்னை மன்னித்துவிட்டாயா என்று இன்றைக்கு வரைக்கும் நான் அவரைக் கேட்கவில்லை. இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டால் தாங்க மாட்டேன். ஆமாம் என்று சொன்னால், அது அந்த உப்புக் கரித்த கீரைக்கு வந்த பதில் மாதிரியானதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது.